உதட்டுப் பிளவுக் குழந்தைகளுக்கான பல் சீரமைப்புப் பயிற்சி: காசுக்குத் தகுமா?

பணத்தை முதலில் பேசிவிடுவோம். இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் ஐந்து இலக்க சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு மேல் சென்னைக்கு விமானச் சீட்டு, அங்கே தங்கும் செலவு, அந்த நாள்களில் கிளினிக் பூட்டிக் கிடந்ததில் போன வருமானம். கிளினிக்கைப் பூட்டினாலும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவுக்கும் கிடைப்பது: மாலை நேர இணைய வகுப்புகள், இங்கே ஒரு ஹோட்டல் அரங்கில் செய்முறைப் பயிற்சி, சென்னையில் ஒரு மருத்துவமனையின் பிளவு சிகிச்சைக் குழுவோடு சில வாரங்கள், அப்புறம் ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை நோயாளர் கலந்துரையாடல். என்னைக் கேட்டால், கொடுத்த காசில் முக்கால்வாசி சென்னையிலும் அந்த மாதக் கூட்டத்திலும் வசூலாகிவிட்டது. மீதியைப் பொறுத்தவரை, ஹோட்டல் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நடத்துபவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன். இது சின்ன ஊர், எங்கள் துறை அதைவிடச் சின்னது.

நான் பல் சீரமைப்பு நிபுணர். சிராங்கூன் பக்கம் கிளினிக். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், அல்லது யாருக்கும் தெரியாமல் பல்லை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று, கம்பிக்குப் பதில் பல்லின்மேல் மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் உறை கேட்டு வரும் அலுவலகக்காரர்கள். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகள் வருவது அபூர்வம். கணக்கு அப்படி. இங்கே ஆண்டுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் குழந்தைகள் பிறக்கின்றன. உலக அளவில் சொல்வதுபோல் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்று வைத்தால், நாடு முழுக்கவும் ஐம்பதைத் தொட்டால் பெரிது. அந்தக் குழந்தைகளும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போல இதற்கென்றே குழு வைத்திருக்கும் இடங்களுக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும். பிரிட்டனில் 57 இடங்களில் சிதறிக் கிடந்த பிளவு சிகிச்சையை 8 முதல் 15 மையங்களுக்குள் அடக்கச் சொல்லி 1998இல் ஓர் ஆய்வுக் குழு பரிந்துரை செய்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரை மட்டும் பார்க்கிற இடத்தில் கைத்திறன் வளராது, செய்தது சரியா தப்பா என்று அளந்து பார்க்கவும் வழியிருக்காது.

அப்படியானால் எனக்கு எதற்கு இந்தப் பயிற்சி? குழந்தைகள் வளர்கின்றன, குடும்பங்கள் இடம் மாறுகின்றன. திருச்சியிலோ ஜொகூரிலோ முதல் அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை, அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்து, ஒன்பது வயதில் பொங்கோலில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்து சேர்கிறது. பழைய மருத்துவர் அங்கே. பழைய எக்ஸ்ரே ஓர் அத்தை வீட்டு அலமாரியில். பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டிய பல் மருத்துவரிடம் வருகிறார்கள், அவர் எனக்கு அனுப்புகிறார். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு மூன்று ஆண்டு. பிளவும் சிண்ட்ரோம்களும் (முகம், தாடை வளர்ச்சியைக் குலைக்கும் பிறவிக் கோளாறுகள்) அதில் வரும், ஆனால் பல பாடங்களுக்கு நடுவே. அமெரிக்காவில் அதற்கு மேலே, குறைந்தது 12 மாத முழுநேர ஃபெலோஷிப்புகள் அங்கீகாரத்தோடு நடக்கின்றன. இரண்டு பிள்ளைகளையும் ஒரு குத்தகை ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு நான் அதற்குப் போக முடியாது. இந்தப் பயிற்சி நடுவழி.

இணைய வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு எட்டு மணிக்கு, பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரத்தில். கருவில் முகம் உருவாகும் விதத்தை இரண்டு வகுப்பு இழுத்தார்கள், எல்லாரும் பல் மருத்துவக் கல்லூரியில் படித்ததுதான். ஒரு மாலை முழுக்க வாய் ஸ்கேனர் விற்பனைப் பேச்சாகவே போனது. பச்சிளங்குழந்தையின் வாயில் அச்சுப் பசை வைப்பதற்குப் பதில் ஸ்கேன் எடுப்பது பாதுகாப்பானது என்பது உண்மை. அதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும்.

ஒரு வகுப்பு மட்டும் விதிவிலக்கு. பிளவுக் குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே வாயில் தகடு வைத்து, பிளந்த ஈறு முனைகளைக் கிட்டே கொண்டுவரும் வழக்கத்தை 1950இல் ஸ்காட்லாந்தில் மெக்நீல் தொடங்கிவைத்தார். 1993இல் நியூயார்க்கில் கிரேசனும் சகாக்களும் அதோடு மூக்கையும் சேர்த்தார்கள். தகட்டிலிருந்து எழும் ஒரு கம்பி, சரிந்து கிடக்கும் நாசித் துவாரத்தைத் தாங்கி மேலே தூக்கும். பிறந்த முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு வளைந்துகொடுக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. இந்தப் பயிற்சியின் விளம்பரத்தில் பெரிதாக இருப்பதும் இதுதான். அப்படியிருக்க, அந்த வகுப்பை எடுத்தவர் நேராக டச்சு ஆய்வை எடுத்து மேசையில் போட்டார். நெதர்லாந்தில் மூன்று மையங்கள் சேர்ந்து, ஒருபக்கம் முழுதாகப் பிளந்த 54 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அண்ணத் தகடு கொடுத்தன, மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. பால் குடிப்பதில் வித்தியாசமில்லை. மேல் வளைவின், அதாவது மேல் ஈறு வரிசையின், வடிவத்தில் முதலில் தெரிந்த வேறுபாடு ஆறு வயதுக்குள் மறைந்துவிட்டது. அந்த ஆய்வில் மூக்குக் கம்பி கிடையாது, உதட்டுக்கு ஒட்டுநாடா கிடையாது, அதனால் நியூயார்க் முறைக்கு அது முழுப் பதில் இல்லை என்பதையும் அவரே சொன்னார். தான் கற்றுக்கொடுக்கப்போகும் கருவியின் பலவீனத்தை முதல் நாளே சொல்லும் ஆசிரியரிடம் எனக்கு மரியாதை வந்துவிடும்.

ஹோட்டல் அரங்குக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு சிலிக்கான் பொம்மைத் தலை, பிளந்த உதட்டோடு. பிளாஸ்டர் மாதிரியில் அண்ணத் தகடு செய்தோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம், நடுவில் மூச்சுக்கு ஒரு துளை (தகடு கழன்று நாக்கின் மேல் சரிந்தாலும் காற்று போக வேண்டுமே), முன்னால் ரப்பர் வளையம் மாட்ட ஒரு குமிழ். வளையத்தை இரண்டு மடங்கு இழுத்துக் கன்னத்தில் ஒட்டினால் சுமார் 100 கிராம் விசை. வாரா வாரம் தகட்டின் உள்பக்கம் ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்து, எதிர்ப்பக்கம் அதே அளவு மென்பசை சேர்க்க வேண்டும். பிளவு ஐந்து ஆறு மில்லிமீட்டராகக் குறைந்த பிறகுதான் மூக்குக் கம்பி. அவசரப்பட்டு முன்பே வைத்தால் துவாரம் உயர்வதற்குப் பதில் அகலமாகிவிடும், அதை அப்புறம் அறுவை மருத்துவராலும் எளிதில் சுருக்க முடியாது.

கம்பி வளைப்பு எனக்குக் கை வந்த வேலை, அதனால் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மை அழாது, தலையைத் திருப்பாது, எச்சில் வடிக்காது. அந்த அரங்கில் எல்லாருடைய தகடும் அழகாகப் பொருந்தியது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு இதோடு நிறுத்திக்கொள்ளும் வசதியும் உண்டு, குறைந்த கட்டணத்தில். நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பத்து நாள் குழந்தையை நான் அனுப்ப மாட்டேன்.

சென்னையில் முதல் நாளே அச்செடுப்பு. விழுப்புரத்திலிருந்து வந்த குழந்தை. பக்கத்தில் அறுவை மருத்துவர், உறிஞ்சு குழாய் தயார். குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கி, முகம் கீழே பார்க்கக் கையில் ஏந்திக்கொண்டார்கள், பசை தொண்டைப் பக்கம் போகாதிருக்க. அலறல். நான் பதறியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அழுதா நல்லதுங்க டாக்டர். அழுகை நின்னாதான் நாம பயப்படணும்" என்றார் அங்கிருந்த மூத்த சிஸ்டர்.

மூச்சு ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அச்சு வெளியே வந்ததும் யாரும் அதைப் பாராட்டவில்லை. முதலில் ஒரு விளக்கைப் பிடித்துப் பிளவுக்குள் துண்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேடினார்கள், அதற்கப்புறம் அச்சின் ஓரம் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், கடைசியில்தான் அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த வரிசையைப் பொம்மை எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒட்டுநாடா போடுவது அம்மாக்களின் வேலை, தினமும். கன்னத் தோல் புண்ணாகாமலிருக்க முதலில் ஒரு மெல்லிய ஜெல் பட்டையை ஒட்டி, அதன்மேல்தான் நாடா. விழுப்புரத்து அம்மா பூ கட்டி விற்பவர். எங்களில் சிலர் ரப்பர் வளையத்தைக் கீழே தவறவிட்டுக்கொண்டிருக்க, அவர் இரண்டு விரலில் நாடாவை மடித்து, வளையத்தைக் கோத்து, குழந்தை கொட்டாவி விடுவதற்குள் ஒட்டி முடித்துவிட்டார். "இன்னும் இறுக்கட்டுமா மேடம்?" என்று என்னைக் கேட்டார். போதும் என்றேன்.

அன்று மதியம் குழுவின் மூத்த சீரமைப்பு நிபுணர், எல்லாரும் சார் என்று கூப்பிடுபவர், எங்களை உட்காரவைத்து அந்த அம்மாவின் பயணக் கணக்கைப் போடச் சொன்னார். வாரம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு மேல். பேருந்து, கூடவே மாமியார், அன்றைய பூ வியாபாரம் போச்சு. இதற்கு ஈடாகக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது, எந்த ஆய்வு அதைக் காட்டுகிறது, நாடா மட்டும் ஒட்டிவிட்டு மாதம் ஒருமுறை வரச் சொன்னால் எவ்வளவு குறையும்? யாரிடமும் சுத்தமான பதில் இல்லை, சாரிடமும்தான். ஆனால் அந்தக் கேள்வியை அம்மாவிடம் திறந்து வைத்துவிட்டுத்தான் தகட்டைத் தொடங்கியிருக்கிறார். அந்த அம்மா யோசித்து, வருகிறேன் என்று சொன்ன பிறகு. வர முடியாது என்ற இன்னொரு குடும்பத்துக்கு நாடா மட்டும். இரண்டு குழந்தைகளும் அதே அறையில், அதே மரியாதையோடு பார்க்கப்பட்டதை நான் கவனித்தேன். என் கிளினிக்கில் நான்காயிரம் வெள்ளிக்கு உறை விற்கும்போது இப்படி ஒரு கணக்கை நான் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.

எனக்கு நேரடியாகப் பயன்பட்டது பெரிய பிள்ளைகளின் பகுதி. ஈறு எலும்பில் பிளவு உள்ள குழந்தைக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை அங்கே நிரப்பும் சிகிச்சையை, நிலைப் பற்கள் வந்துகொண்டிருக்கும் வயதில் செய்யலாம் என்று 1972இல் பாயினும் சாண்ட்ஸும் எழுதினார்கள். கோரைப்பல் முளைப்பதற்கு முன் செய்வதே நல்லது என்பதை 1986இல் ஆஸ்லோ குழு பெரிய எண்ணிக்கையில் காட்டியது. பிறகு அந்தப் பல் தானே புது எலும்பு வழியாக இறங்கிவந்து அதை உயிரோடு வைத்திருக்கும். பாடமாக இது எனக்குத் தெரியும். சென்னையில் ஒரு மேசை நிறைய எக்ஸ்ரேக்களைப் பரப்பி, பெயரையும் வயதையும் மறைத்து, ஒவ்வொன்றுக்கும் "இப்போதா, ஆறு மாதம் கழித்தா, தாமதமாகிவிட்டதா" என்று கேட்டார்கள். கோரைப்பல்லின் வேர் பாதி வளர்ச்சிக்கும் முக்கால் வளர்ச்சிக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கண்ணைப் பழக்கினார்கள். ஒன்பது வயதில் தயாரான பிள்ளையும் உண்டு, பதினொன்றாகியும் காத்திருக்கலாம் என்ற பிள்ளையும் உண்டு.

பிளவுக்குப் பக்கத்து முன்பல் பெரும்பாலும் திரும்பித்தான் நிற்கும். பார்க்கவே நமக்குக் கை அரிக்கும். ஆனால் அதன் வேருக்கும் பிளவுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதக் கனம். எலும்பு நிரப்புவதற்கு முன் நேராக்கப் போனால் வேர் பிளவுக்குள் எட்டிப் பார்க்கும், பல்லே போகலாம். "கோணலா இருக்கட்டும். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்பார் சார். மேல் வளைவை மெல்ல அகலப்படுத்திவிட்டு, பல்லைத் தொடாமல் அறுவை மருத்துவருக்கு அனுப்புவது எப்படி, எலும்பு பிடித்த பிறகு எப்போது திரும்பத் தொடங்குவது என்று ஒரே பிள்ளையின் பல ஆண்டுப் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள். எந்தப் பயிற்சியானாலும் இதைப் பார்த்துக் காசு கொடுங்கள். முன், பின் என்று இரண்டு படம் காட்டுபவர்களைவிட, நடுவில் உள்ள பத்து ஆண்டையும் காட்டுபவர்களிடம் போங்கள்.

சிண்ட்ரோம் பகுதி ஏமாற்றம். குரூசான், ஏப்பர்ட், டிரெச்சர் காலின்ஸ், முகத்தின் ஒருபக்கம் வளராத குழந்தைகள் எல்லாரையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார்கள். ஒருபக்கத் தாடைக் குறைவை எப்படித் தரம் பிரிப்பது, எலும்பை வெட்டி மெல்ல மெல்ல இழுத்து நீட்டும் முறை எப்போது பொருந்தும் என்று படங்கள் வந்தன, போயின. 1992இல் மெக்கார்த்தி மனிதத் தாடையில் அதைச் செய்துகாட்டியது முதல் இன்றுவரை எத்தனை கருத்து மாறியிருக்கிறது என்பதே தனி வகுப்புக்குத் தாங்கும். தாடை சிறுத்து மூச்சுக்குத் திணறும் ரோபின் குழந்தைகளுக்கு ஜெர்மனியின் டூபிங்கனில் உருவான, நாக்கின் பின்னே நீளும் தகட்டைப் பற்றி ஒரே ஒரு படம். அதை எண்டோஸ்கோப் (தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வழியாகப் பார்த்துத்தான் நீளம் சரிபார்ப்பார்கள், அதையாவது நேரில் காட்டியிருக்கலாம். மனநல ஆலோசகர் என்று நிரலில் இருந்தது, கடைசி நேரத்தில் ரத்து. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் நாற்காலியில் உட்காரவைத்து என்ன பேசுவது என்பதை யார் சொல்லித் தருவார்கள்? ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினால் பதில் வரச் சில வாரங்கள் ஆகும்.

மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். அவரவர் நோயாளரைப் பெற்றோர் சம்மதத்தோடு, அடையாளம் மறைத்துக் கொண்டுவரலாம். அறுவை மருத்துவர், பேச்சு சிகிச்சையாளர், சீரமைப்பு நிபுணர் மூவரும் இருப்பார்கள். நான் ஒரு பையனைக் கொண்டுபோனேன். முன்பல் இரண்டும் திரும்பி நிற்கின்றன, மேல் வளைவு குறுகல். "ஸ்கூல்ல கேக்குறாங்க டாக்டர், இப்பவே கம்பி போட்டுடலாமா?" என்பது அவன் அம்மாவின் கேள்வி. கோரைப்பல் வேர் ஏறக்குறைய பாதி வளர்ந்திருந்தது. முன்பல்லைத் தொடாதே, அகலப்படுத்து, இங்குள்ள மருத்துவமனைக் குழுவுக்கு இன்றே கடிதம் எழுது என்று முடிவு வரும் தறுவாயில் பேச்சு சிகிச்சையாளர் குறுக்கிட்டார்: அண்ணத்தில் ஓட்டை ஏதும் மிச்சம் இருக்கிறதா? வளைவு விரியும்போது மூடிக் கிடந்த சின்ன ஓட்டை திறந்துகொள்ளும், தண்ணீர் மூக்கில் ஏறும், பேச்சில் காற்று கசியும், பெற்றோர் பயந்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்றதும், விரிப்பதற்கு முன்னும் பின்னும் 'பாப்பா', 'பட்டம்', 'காக்கா' சொல்லவைத்துப் பதிவு செய்யச் சொன்னார். சொன்னபடியே ஓட்டை திறந்தது. முன்பே சொல்லியிருந்ததால் அம்மா எனக்குப் போன் செய்தபோது குரலில் பதற்றம் இல்லை, "நீங்க சொன்ன மாதிரியே ஆகுது டாக்டர்" என்றார். பையன் இப்போது மருத்துவமனைக் குழுவின் கையில் இருக்கிறான். முன்பற்கள் இன்னும் கோணல்தான்.

சான்றிதழைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இங்கே இது தனி நிபுணத்துவமாகப் பதிவாகாது. அட்டையில் ஒரு வரி கூடும், அவ்வளவே. வருமானத்துக்காகச் சேர்வதாக இருந்தால் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், வெளிநாட்டுக் குடும்பமென்றால் அரசாங்க மானியமும் இருக்காது, உங்களுக்கே முழுக் கட்டணம் வாங்க மனம் வராது. மருத்துவமனைக் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. என்னைப் போல் அக்கம்பக்கத்துக் கிளினிக் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், ஆனால் ஹோட்டலோடு நிற்கும் குறுகிய சீட்டை வாங்காதீர்கள்.

இரண்டாம் கட்டப் பயிற்சி ஒன்றை அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் இதைவிடக் கூடுதல். டூபிங்கன் தகட்டை எண்டோஸ்கோப்போடு நேரில் காட்டுவீர்களா, மனநல ஆலோசகர் இந்த முறையாவது வருவாரா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் முன்பணம் கட்டுவேன்.